ஐந்தாம் அறைக்குப் பதினொரு மணிக்குப் பிறகு

தர்ஷினி தான் வரைந்த வரைபடத்தைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தபோது எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பன்னிரண்டு வருடம் நான் செருப்புத் தேய நடந்த வழியை அவள் ஒரு சாண் தாளுக்குள் அடக்கியிருந்தாள். மன்னார் நகரத்தின் ஐந்து கலைக்கூடங்களும் ஐந்து சிவப்புப் புள்ளிகள். ஒரு புள்ளியிலிருந்து அடுத்ததற்கு அம்புக்குறி. பஸ் நிலையத்தில் தொடங்கினால் முக்கால் மணித்தியாலத்தில் எல்லா அறைக்கும் நடந்து முடித்துவிடலாம் என்று அடியில் எழுதியிருந்தது. வழியில் நிற்கும் கழுதைகளுக்கு ஒதுங்கி நிற்கும் நேரத்தை அவள் சேர்க்கவில்லை என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

தர்ஷினி எனக்குப் பிறகு என் வேலைக்கு வந்தவள். தாய் தகப்பன் மலைநாட்டிலிருந்து வந்து முருங்கன் பக்கம் குடியேறியவர்கள். அதனால் அவள் பேச்சில் பாதி மலைநாடு, பாதி மன்னார். கெட்டிக்காரி. அவள் வந்த பிறகு ஐந்து அறைக்கும் கமெரா பொருத்தியாயிற்று. கதவுகள் காலை ஒன்பது மணிக்கே தானாகத் திறந்துகொள்கின்றன. பார்க்க வருகிறவர்கள் கைத்தொலைபேசியில் அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டு தாங்களாகவே நடக்கலாம். நான் இல்லாமல் எல்லாம் இவ்வளவு ஒழுங்காக நடப்பது எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். ஒளிப்பானேன்?

"நானா, ஒரே ஒரு சந்தேகம்," என்றாள். "பஸ்ஸ விட்டு இறங்கினா மீன் சந்தைக்குப் பின்னாலயே அஞ்சாம் அறை இருக்கு. ரெண்டு நிமிசம். நீங்க அந்தக் கதவத் தாண்டிப் போயி, பெருக்க மரம் வரைக்கும் ஆக்கள நடக்க வச்சு, திரும்பவும் அங்கயே கொண்டாந்து முடிச்சிருக்கீங்க. வெயிலுக்குள்ள ஏன் அலைய விட்டீங்க? நான் அதைத்தான் முதல்ல போட்டிருக்கேன்."

"அதை முதல்ல போடாதை பிள்ளை."

"ஏன்?"

"எழுதித் தாறன்."

"ஒரு பக்கத்துக்குள்ள எழுதுங்க நானா," என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒரு பக்கத்துக்குள் அடங்கவில்லை. குற்றம் அவளுடையது. கேட்காமல் இருந்திருக்கலாம்.

ஊரில் என் சொந்தப் பெயர் பலருக்குத் தெரியாது. திறப்பு நானா, சாவிக்கார அண்ணன், என்றால் தெரியும். ஐந்து அறைகளின் திறப்புக் கோர்வையும் என் இடுப்பில்தான் தொங்கியது. நான் நடக்கும் சத்தம் கேட்டு எருமை வருகிறது என்று வழிவிட்ட ஆட்களும் உண்டு. பிறந்தது எருக்கலம்பிட்டி. தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லாரும் ஊரை விட்டுப் போக வேண்டி வந்தபோது எனக்கு மீசை அரும்பிய வயது. புத்தளம் பக்கம் ஓலைக் கொட்டிலில் சில வருடம் இருந்துவிட்டு, கொழும்பில் படங்களுக்குச் சட்டம் அடிக்கும் கடை ஒன்றில் சேர்ந்தேன். சட்டம் அடித்த கை பிறகு ஒரு கலைக்கூடத்தில் படம் மாட்டியது. ஒரு படம் சரிந்திருந்தால் தூரத்திலேயே எனக்குத் தெரியும். அந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்பது பக்கத்தில் போனாலும் தெரியாது. இந்தத் தகுதியோடு ஊருக்குத் திரும்பி வந்தேன்.

அந்த நேரத்தில்தான் மன்னாரில் சில இளம் பிள்ளைகள் சேர்ந்து ஒரு கலைச் சங்கம் தொடங்கி, பூட்டிக் கிடந்த கட்டடங்களைக் கேட்டு வாங்கி, வெள்ளை அடித்து, படம் வைக்கத் தொடங்கியிருந்தார்கள். பார்மசிக்கு மேல்மாடி ஒன்று. வெளிநாடு போன டொக்டர் ஒருவரின் வீடு. பள்ளிமுனைப் பக்கம், ஊர் முழுக்க அறிந்த அடி பருத்த பெருக்க மரத்துக்குக் கிட்ட ஒரு பழைய பண்டகசாலை. இப்படி ஐந்து இடம். ஐந்துக்கும் சேர்த்து ஒரு ஆளைத்தான் அவர்களால் வைக்க முடிந்தது. ஆகவே காலை ஒன்பது மணிக்கு நான் பஸ் நிலையத்தில் நிற்பேன். வந்த ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடப்பேன். நான் போனால் அறை திறக்கும், நான் வெளியே வந்தால் மூடும். ஒரு நாளைக்கு ஒரு சுற்று. மத்தியானத்துக்குப் பிறகு எங்கள் வெயிலில் கழுதையே நடக்காது, கொழும்பு ஆட்கள் எப்படி நடப்பார்கள்?

எனக்கு மேலே இருந்தவர் அருளப்பு சேர். நில அளவைப் படம் வரைவதில் வாழ்க்கையைக் கழித்து ஓய்வுபெற்றவர். சங்கத்துப் பிள்ளைகள் அவரைச் சும்மா ஒரு மரியாதைக்குப் பொறுப்பாளராக வைத்தார்கள். அவர் அதை மரியாதையாக எடுக்கவில்லை, வேலையாக எடுத்துக்கொண்டார். வெள்ளை நீளக்கை சேட்டு, பையில் இரண்டு பென்சில், பழைய சைக்கிள், சைக்கிளில் குடை. குரல் உயர்த்த மாட்டார். பிழை ஒன்று நடந்தால் கண்ணாடியைக் கழற்றுவார். கைலேஞ்சியால் துடைப்பார். திரும்பப் போடுவார். பிறகு, "சரி, முதல்ல இருந்து சொல்லும்," என்பார். அந்தத் துடைக்கும் நேரத்தில் செய்யாத பிழையையும் சேர்த்து ஒப்புக்கொள்ள வேண்டும் போல இருக்கும்.

முதல் நாளே எனக்கும் அவருக்கும் தகராறு. படத்தின் நடு, பார்க்கிற ஆளின் கண்ணுக்கு நேரே வர வேண்டும். நான் கொழும்பில் பழகிய உயரத்தைச் சொன்னேன்.

"அது கொழும்பு ஆக்களின்ர கண்," என்றார் சேர். "இஞ்சத்தை ஆக்களின்ர கண் எங்க இருக்கெண்டு அளந்தனீரோ?"

அளவு நாடாவை எடுத்துக்கொண்டு மீன் சந்தைக்குப் போனார். மீன் வாங்க வந்த பன்னிரண்டு பேரைச் சுவரோடு நிற்கவைத்துக் கண் உயரம் குறித்தார். என்னவோ நிவாரணத்துக்குப் பதிகிறார்கள் என்று நினைத்து இன்னும் இருபது பேர் வரிசையில் வந்து நின்றார்கள். அவர்களையும் அளந்தார். முடிவில் நான் சொன்ன உயரத்திலிருந்து இரண்டு அங்குலம் குறைந்தது. இன்றைக்கும் மன்னாரில் எல்லாப் படமும் அந்த உயரத்தில்தான் தொங்குகிறது.

காலையில் அறை திறந்தால் செய்ய வேண்டியவற்றையும் அவர்தான் வகுத்தார். கதவைத் திறந்து கொஞ்ச நேரம் வாசலிலேயே நிற்க வேண்டும். கண் பழகிய பிறகு இடது கைப் பக்கத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு படமாகப் பார்த்து வர வேண்டும். கடல் காற்று கண்ணாடியில் உப்பைப் பூசிவிட்டுப் போகும். அதை ஈரத் துணியால் துடைத்தால் கீறும், காய்ந்த பருத்தித் துணிதான். சேதம் ஏதும் இருந்தால் தொடக்கூடாது, துண்டு எழுத வேண்டும். பொருள், சேதம், திருத்தம் என்று மூன்று கோடு போட்ட துண்டு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம்: பார்க்க வந்த ஆளை அறையில் தனியே விடக்கூடாது. அவர் பிஷப்பாக இருந்தாலும் விடக்கூடாது.

டொக்டர் வீட்டு அறையில் ஒருவர் வைக்கோலாலும் பனை ஓலையாலும் ஆள் உயரத்துக்கு ஒரு குடும்பத்தைச் செய்து வைத்திருந்தார். நான் கேற்றை மூட மறந்த ஒரு காலையில் குடும்பத்தில் தகப்பனைக் காணவில்லை. முற்றத்தில் மூன்று கழுதைகள் அசைபோட்டுக்கொண்டு நின்றன. சேர் வந்தார். கண்ணாடியைத் துடைத்தார்.

"எந்தக் கழுதை?"

"மூண்டும் நிண்டது சேர்."

"திண்டது எது?"

எனக்கு என்ன தெரியும்? வாயில் ஓலை ஒட்டியிருந்த ஒன்றைக் காட்டினேன். 'சேதம்: கழுதை, சாம்பல் நிறம், இடது காதில் வெட்டு' என்று துண்டில் எழுதினார். கலைஞரிடம் அந்தத் துண்டைக் கொடுத்தோம். அவர் தகப்பன் இல்லாத குடும்பமாகவே காட்சியை நடத்தினார். ஆட்கள் முன்னையைவிட அதிக நேரம் நின்று பார்த்தார்கள். தற்காலக் கலை பற்றி எனக்கு ஏதும் விளங்கியது என்றால் அது அன்றைக்குத்தான். விளங்கியதும் முழுக்க இல்லை.

இனி ஐந்தாம் அறைக்கு வருகிறேன். மீன் சந்தைக்குப் பின்னால் ஒரு காலத்தில் ஐஸ் கட்டி வைத்த கட்டடம் அது. ஜன்னல் இல்லை. கதவை மூடினால் பகலிலும் கும்மிருட்டு. அந்த அறையை றெஜினா கேட்டு வாங்கினாள். பள்ளிமுனைப் பிள்ளை. படித்து, அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளாக் வேலையும் எடுத்து, எட்டு மாதத்தில் அதை விட்டுவிட்டு வந்து படம் செய்யத் தொடங்கியவள். தகப்பன் சவிரியண்ணன் கடற்தொழிலாளி. மகள் வேலையை விட்ட நாளிலிருந்து அவர் அவளோடு பேச்சை நிறுத்திவிட்டார். இருவரும் ஒரே வீட்டில் ஒரே சட்டிச் சோற்றைத் தின்றுகொண்டு, தாய் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். "அப்பாட்டைக் கேளம்மா, விளக்கைக் கொண்டு போகவோ எண்டு." "கொண்டு போகட்டும் எண்டு சொல்லு." அந்த மனுஷி இரண்டு வருடம் தபால் கந்தோர் நடத்தினாள்.

றெஜினா செய்த வேலை இதுதான். தகப்பனின் பழைய வலை ஒன்று வீட்டுப் பின்பக்கத்தில் கிழிந்தபடி கிடந்தது. கல்லில் கொழுவிக் கிழிந்தது என்று வீட்டில் கதை. அதை எடுத்து அறைக்குக் குறுக்கே கூரையிலிருந்து நிலம் வரைக்கும் தொங்கவிட்டாள். பின்னால் ஒரு விளக்கு. முன்னால் வெள்ளைச் சுவர். சுவர் முழுக்க வலைக்கண்ணின் நிழல் விழும். நடுவில் கிழிசல் இருந்த இடத்தில் மட்டும் ஒரு ஆள் நீளத்துக்கு வெறும் வெளிச்சம். வேறு ஒன்றும் இல்லை. அவள் அதைப் படகு என்று சொல்லுவாள். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், கிழிசல் நேராகத் தொங்குகிறதா என்று பார்ப்பேன்.

கொழும்பில் நடக்கும் பெரிய கண்காட்சி ஒன்றுக்கு வேலைகளைத் தெரிவுசெய்ய மூன்று பேர் மன்னாருக்கு வருவதாகக் கடிதம் வந்தது. சனிக்கிழமை பத்து மணிக்கு. தெரிவுசெய்தால் றெஜினாவுக்கு ஒரு வருடம் அங்கேயே தங்கி வேலை செய்ய இடமும் கிடைக்கும். கிடைக்காவிட்டால் திரும்பவும் கிளாக் சோதினை எடுப்பதாகத் தாய்க்கு வாக்குக் கொடுத்திருந்தாள். இதை அவளே எனக்குச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி இருக்கும். சுற்று முடிந்து ஆட்கள் போய்விட்டார்கள். நான் ஐந்தாம் அறை வாசலில் நின்று ஜும்ஆவுக்குப் போக ஆயத்தமானேன். சந்தையில் மீன் கொடுத்துவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டியபடி சவிரியண்ணன் வந்து நிற்கிறார். இரண்டு வருடத்தில் முதல் தடவை.

"இஞ்சைதானோ பிள்ளையின்ர?" என்றார்.

எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. உள்ளே விட்டேன். விளக்கைப் போட்டேன். அவர் வலையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், திரும்ப வலையைப் பார்த்தார். தகப்பன் மகளின் வேலையை முதல் முதலாகப் பார்க்கிறார், பக்கத்தில் நான் திறப்பை ஆட்டிக்கொண்டு நிற்பதா? பள்ளிவாசலில் பாங்கும் சொல்லிவிட்டார்கள்.

"அண்ணை, நான் தொழுதிட்டு வாறன். நீங்கள் ஆறுதலாப் பாருங்கோ. வெளியால பூட்டிட்டுப் போகட்டோ?"

"ஓம் ஓம், போட்டு வாங்கோ. நான் இருக்கிறன்."

பூட்டினேன். கள்ளன் வெளியிலிருந்துதான் வருவான் என்று எனக்குப் பழக்கியிருந்தார்கள். தொழுதுவிட்டு, ஒரு பிளேன்ரீயும் குடித்துவிட்டு, இரண்டு மணித்தியாலம் கழித்து வந்து கதவைத் திறந்தேன். சவிரியண்ணன் நிலத்தில் சம்மணம் கொட்டி இருந்தார். கையில் வலை ஊசி. காலடியில் நீல நைலோன் நூல். சந்தையால் வரும் கடற்தொழிலாளியின் பையில் இந்த இரண்டும் இல்லாமல் வேறு என்ன இருக்கும்?

"முடிச்சுப்போட்டன்," என்றார். முகம் எல்லாம் சந்தோஷம். "ஒரு கண் பிசகாது. இழுத்துப் பாருங்கோ."

இழுத்துப் பார்க்கத் தேவை இருக்கவில்லை. ஓட்டை இல்லை. சுவரில் வெளிச்சமும் இல்லை. அடி முதல் நுனி வரை வலைக்கண்தான். மன்னாரில் அவ்வளவு நேர்த்தியாகப் பொத்தின வலையை நான் கண்டதில்லை.

சேருக்கு அழைத்தேன். சைக்கிளில் வந்தார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். அன்றைக்குத் துடைத்த அளவுக்கு அவர் என்றைக்கும் துடைத்ததில்லை.

"சரி, முதல்ல இருந்து சொல்லும். நீர் எங்க நிண்டனீர்?"

"ஜும்ஆவில சேர்."

"அது சரி. ஆள் எங்க நிண்டது?"

"உள்ளுக்க சேர்."

"பூட்டினனீரோ?"

"ஓம் சேர். பாதுகாப்புக்கு."

சேர் பூட்டையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அது ஏச்சைவிட மோசம். சவிரியண்ணனுக்கு என்ன நடக்கிறது என்று விளங்கவே இல்லை. வேலை சரியில்லையோ என்று நினைத்து, ஒரு முடிச்சைத் திரும்பவும் இழுத்துக் காட்டினார்.

நாலு மணிக்கு றெஜினா விளக்கைச் சரிபார்க்க வந்தாள். வாசலில் நின்றபடி பார்த்தாள். அவள் கத்துவாள் என்று நான் சுவரோடு ஒதுங்கினேன். அவள் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

"ஏன் அப்பா?" என்றாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு தாய் வழியாகப் போகாத முதல் சொல்.

"பின்னை? கிழிஞ்ச வலையை நாலு பேர் பாக்கத் தொங்க விடுறதோ? கொழும்பால ஆக்கள் வருகினமாம். ஆர் வீட்டு வலை எண்டு கேக்க மாட்டினமோ? சவிரி பொத்தாமல் விட்ட வலை எண்டுதானே சொல்லுவினம்?"

"அந்த ஓட்டைதான் அப்பா என்ர படம்."

அவர் மகளைப் பார்த்தார். சேரைப் பார்த்தார். நான்கூடத் தலையை ஆட்டியதைக் கண்டதும் முகம் சுருங்கிவிட்டது. ஊசியையும் நூலையும் பையில் போட்டுக்கொண்டு, செருப்பை மறந்துவிட்டு வெளியே போய்விட்டார். அந்த வெறுங்காலைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. பிழை என்னுடையது. பூட்டியவன் நான்.

றெஜினா பையிலிருந்து பிளேட் ஒன்றை எடுத்தாள். சேர் கையை நீட்டி அதை வாங்கித் தன் சேட்டுப் பைக்குள் பென்சிலோடு வைத்துக்கொண்டார். "இண்டைக்கு வேண்டாம் பிள்ளை. கோவத்தில வெட்டக்கூடாது. காலமை ஆறு மணிக்கு வாரும். திறப்பு நானா வந்து திறப்பார்," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "வந்து நிப்பார்," என்றார். நிற்பதை அழுத்திச் சொன்னார்.

சனிக்கிழமை ஆறு மணிக்கு நான் போனபோது படியில் சவிரியண்ணன் இருந்தார். அன்றைக்குக் கடலுக்குப் போகவில்லை. காலில் செருப்பு இல்லை. வீட்டில் தாய் என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை, முகத்தில் எழுதியிருந்தது. றெஜினாவும் சேரும் வந்தார்கள். சேர் பிளேட்டை எடுத்து நீட்டினார். றெஜினா வலைக்குக் கிட்டப் போனாள்.

"நில்," என்றார் சவிரியண்ணன். "பிளேட்டால கீறினா அது வேற ஓட்டை. கடலைக் கண்டவன் ஆரும் அது வலை கிழிஞ்ச மாதிரி எண்டு சொல்ல மாட்டான். நான் ஓரத்தைச் சீவிப்போட்டுத்தான் பொத்தினனான். நீ வெட்டினா ரெண்டு மடங்கு வரும். தள்ளு, நான் அவிழ்க்கிறன்."

சம்மணம் கொட்டி இருந்து அவிழ்க்கத் தொடங்கினார். நீல முடிச்சு ஒவ்வொன்றாக. சில இடத்தில் அவிழ்த்தார். சில இடத்தில் நீல நூலை அப்படியே விட்டார். இடைக்கிடை "லைற்றைப் போடுங்கோ" என்பார். நான் போடுவேன். சுவரைப் பார்ப்பார். "காணாது, இன்னும் விரியோணும்" என்பார். நான் அணைப்பேன். ஏழு மணி போனது, எட்டு மணி போனது. சேர் மணிக்கூட்டைப் பார்ப்பதும் கண்ணாடியைத் துடைப்பதுமாக நின்றார்.

எட்டரைக்கு விளக்கைப் போட்டபோது, "வால் இன்னும் கொஞ்சம் அகலிக்கோணும்," என்றார் சவிரியண்ணன்.

"என்ன வால்?" என்றாள் றெஜினா.

அவர் கை நின்றுவிட்டது. வாய் தவறி வந்த சொல். பிறகு வலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"கல்லில கொழுவினதெண்டு கொம்மாட்டைப் பொய் சொன்னனான். கல்லுமில்லை, ஒண்டுமில்லை. ஆவுளியா."

ஆவுளியா என்று எங்கள் கரையில் சொல்லுவது, புத்தகங்களில் கடற்பசு என்று எழுதுவது. கடலடியில் புல் மேயும் பெரிய சீவன். மூச்சு எடுக்க மேலே வந்துதான் ஆக வேண்டும்.

"தாய் வலைக்குள்ள. குட்டி வெளியில நிண்டு சுத்திச் சுத்தி வருது. தாயால மேல வரேலாமக் கிடந்து உருளுது. மூச்சு முட்டுற சத்தம் எனக்குக் கேக்குது. நான் என்ன செய்ய? கத்தியை எடுத்தன். இந்தப் பக்கம் அறுத்தது நான். அந்தப் பக்கம் அது உதறிக் கிழிச்சது. தெரியுதோ? அதுதான் ஓரம் ரெண்டும் ரெண்டு விதம்."

"ஏன் சொல்லேல்லை?"

"எப்பிடிச் சொல்லுறது? வாங்கி ஒரு கிழமை ஆகேல்லை. புது வலையை அறுத்துப்போட்டு வெறுங்கையோட வந்தவன் எண்டு சந்தை முழுக்கச் சிரிச்சிருக்கும்."

றெஜினா அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கண் நிறைந்திருந்தது, வாயில் சிரிப்பு. "புது வலையை அறுத்தவர் நீங்கள்," என்றாள். "கிளாக் வேலையை விட்டதுக்கு என்னோட ரெண்டு வருசம் கதைக்காமல் இருந்தவரும் நீங்கள்தானே அப்பா?"

சவிரியண்ணன் அடுத்த முடிச்சைத் தேடினார். "லைற்றை நிப்பாட்டுங்கோ நானா," என்றார் என்னிடம். "கண் கூசுது." விளக்கு அவருக்குப் பின்னால் இருந்தது. நான் ஒன்றும் கேட்காமல் அணைத்தேன்.

வால் முடிந்தது. விளக்கைப் போட்டோம். முன்பு படகு என்று றெஜினா சொன்ன வெளிச்சம் இப்போது சுவரில் ஆவுளியாவாகக் கிடந்தது. எனக்கே தெரிந்தது, அதனால் எல்லாருக்கும் தெரியும். வேலை முடிந்தது என்று நாங்கள் மூச்சு விட்டோம். அவர் ஊசியைப் பையில் போடவில்லை. கத்தியை எடுத்து, பெரிய ஓட்டைக்குப் பக்கத்தில், நல்ல வலைக்கண் நாலைந்தை அறுக்கத் தொடங்கினார்.

"அங்க கிழியேல்லையே அப்பா," என்றாள் றெஜினா.

"குட்டி."

"குட்டி வெளியிலயெல்லோ நிண்டது? வலையில இல்லாத ஓட்டையை ஏன் போடுறீங்கள்?"

"நிண்டது எண்டு சொல்லுறன்," என்றார் அவர், கொஞ்சம் கோபமாக.

சுவரில் பெரிய வெளிச்சத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது. சேர் துண்டை எடுத்து எழுதினார். அந்தத் துண்டின் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. 'பொருள்: வலை. சேதம்: பொத்தப்பட்டது. திருத்தம்: கிழிக்கப்பட்டது.' அடியில் கையெழுத்து. அதை எழுதும்போது சேர் சிரிக்கவே இல்லை.

பத்து மணிக்கு மூன்று பேர் வந்தார்கள். வயதான ஒரு அம்மா, விடாமல் எழுதிக்கொண்டிருந்த ஒரு ஐயா, தலைமுடியைக் கொண்டை போட்ட ஒரு இளைஞர். எனக்காக வாசலில் போட்டிருந்த கதிரையில் சவிரியண்ணன் ஏறி இருந்துவிட்டார். களைத்துப்போயிருந்தார், எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. மூவரும் வெகு நேரம் நின்றார்கள். கொண்டை போட்டவர் மெல்லக் கையை நீட்டி, கிழிந்த ஓரத்தைத் தொடப் போனார். தொடாதீர்கள் என்று பல வருடமாகச் சொல்லிப் பழகிய என் வாய் திறக்கும் முன்னே கதிரையிலிருந்து குரல் வந்தது.

"தம்பி, கை வையாதேங்கோ. அது கிழிஞ்சபடிதான் கிடக்கோணும்."

கொண்டைக்காரர் தீயில் பட்டவர் போலக் கையை எடுத்தார். றெஜினா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. நான் அழுதேன், அது தெரியும்.

மறுநாளிலிருந்து சவிரியண்ணன் வரத் தொடங்கினார். சந்தையில் மீன் கொடுத்து, கை கழுவி, பதினொரு மணிக்கு அந்தக் கதிரையில் வந்து இருப்பார். யாரும் கூப்பிடவில்லை. நான் கதிரையை அவருக்கு விட்டுக்கொடுத்து நிலத்தில் இருப்பேன். அவர் வரும் முன் யாரையும் அங்கே கூட்டிப் போக எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் பஸ் நிலையத்திலிருந்து இரண்டு நிமிடத்தில் இருக்கும் கதவைத் தாண்டி, பெருக்க மரம் வரைக்கும் போய், நின்று, தண்ணீர் குடித்து, நேரத்தைக் கடத்தி, திரும்பி வந்தேன். கால் வலிக்கிறது என்று என்னைத் திட்டிய ஆட்கள் மன்னிக்கட்டும்.

நாலு மாதம் கழித்துத் தெரிவுக் கடிதம் வந்தது. றெஜினாவின் வேலை எடுக்கப்பட்டிருந்தது. அவள் போய் ஒரு வருடம் இருந்து, வலையையும் திருப்பிக் கொண்டுவந்து அதே இடத்தில் தொங்கவிட்டாள், இப்போது அந்தச் சங்கத்தையே அவள்தான் நடத்துகிறாள். வலையில் அங்கங்கே நிற்கும் நீல நூல் கடலைக் குறிக்கிறது என்று பத்திரிகையில் ஒருவர் எழுதினார். அது அன்றைக்குச் சவிரியண்ணனின் பையில் கிடந்த நூல். சந்தையில் பச்சை நூல் முடிந்துவிட்டதாம்.

ஆனால் தர்ஷினி, நீ கேட்டதற்குப் பதில் அந்தத் தெரிவுக் கடிதத்தின் கடைசி வரியில் இருக்கிறது. படைப்பைக் கொண்டுபோக விவரங்கள் கேட்டு எழுதியவர்கள், ஒரு கேள்வியும் கேட்டிருந்தார்கள். கதிரையில் இருந்த முதியவரும் படைப்பின் ஒரு பகுதியா?

சேர் கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். நீண்ட விளக்கம் ஒன்று எழுதலாம் என்று பென்சிலும் எடுத்தார். றெஜினா பென்சிலை வாங்கி, அந்தக் கேள்விக்கு நேரே ஒரே ஒரு சொல் எழுதினாள்.

ஓம்.

ஆகவே பிள்ளை, ஐந்தாம் அறையின் கதவு ஒன்பது மணிக்குத் தானாகத் திறந்தாலும், பதினொரு மணி வரைக்கும் உள்ளே தொங்குவது பாதிப் படைப்புத்தான். மற்றப் பாதி அந்த நேரம் சந்தையில் மீன் விற்றுக்கொண்டிருக்கும். உன் அம்புக்குறியைத் திருப்பிப் போடு.